பின் சக்கரத்துப் பசை

அன்பு மகனுக்கு, அம்மா எழுதிக்கொள்வது. இங்கே நானும் அப்பாவும் உடம்பளவில் ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம், நீயும் வேளாவேளைக்குச் சாப்பிட்டு, காய்ச்சல் தலைவலி எதுவும் அண்டாமல் இருக்கிறாய் என்று நம்பித்தான் பேனாவை எடுத்திருக்கிறேன். உடம்பளவில் என்று எழுதிவிட்டேன், நீ அந்த வார்த்தையைப் பிடித்துக்கொள்வாய் என்று தெரியும், பிடித்துக்கொள். மனசு சரியில்லையடா. நேற்றுக் காலையிலிருந்தே இப்படித்தான். போனில் சொல்லலாமே என்பாய். போனில் நான் பேச ஆரம்பித்தால் பாதியில் அழுவேன், நீ ஆஸ்பத்திரி டியூட்டியில் நின்றுகொண்டு அழாதேம்மா அழாதேம்மா என்பாய், சொல்ல வந்தது நின்றுபோகும். அதனால்தான் எழுதுகிறேன். உட்கார்ந்து படி, நின்றுகொண்டு படிக்காதே.

முதலில் வீட்டுச் சேதியை முடித்துவிடுகிறேன். உன் அப்பா டிப்போவில் இப்போது பிரேக் பகுதிக்கு மாறிவிட்டார், முழங்கால் வலி மட்டும் போகவில்லை, மாத்திரை வாங்கிக் கொடுத்தால் மேஜை மேல் அடுக்கி வைத்து அழகு பார்க்கிறார். குளியலறைக் குழாய் ஒழுகுவது நிற்கவில்லை, ஊரில் உள்ள பஸ்ஸையெல்லாம் சரி பண்ணுகிற மனுஷருக்குச் சொந்த வீட்டுக் குழாய்க்கு நேரமில்லையாம். கீழ்வீட்டுத் தையல்காரம்மா உன்னை விசாரித்தார்கள், எப்போது வருகிறான் என்று கேட்டார்கள், எனக்கே தெரியாது என்று சொல்ல வெட்கமாக இருந்தது, சீக்கிரம் என்று சொல்லி வைத்திருக்கிறேன். இவ்வளவுதான் சேதி. இனி என் கதை.

இருபத்திரண்டு வருஷம் நகலெடுக்கும் கடையில் நின்றுவிட்டு இந்த வயதில் டீச்சர் ஆகப்போகிறேன் என்று கிளம்பியதில் நீதான் முதல் ஆளாகச் சந்தோஷப்பட்டாய். பயிற்சிக் கல்லூரிக்குப் போய்ப் பார்த்தால் கூடப் படிப்பவையெல்லாம் உன்னைவிடச் சின்னது சின்னதாக இருக்கின்றன, என்னை அக்கா என்று கூப்பிடச் சொல்லிக் கெஞ்சி வாங்கியிருக்கிறேன், இல்லாவிட்டால் ஆன்ட்டிதான். கணக்கு, மொழி, சுற்றுச்சூழல் எல்லாம் எப்படியோ சமாளித்தேன். இந்த வடிவமைப்பும் தொழில்நுட்பமும் என்கிற பாடம் இருக்கிறதே, அது என் உயிரை வாங்குகிறது. நாங்கள் யாருமே பள்ளியில் படிக்காத பாடம். எட்டு வயதுப் பிள்ளை ஒரு பொருளைத் தானே யோசித்து, யாருக்காக என்று எழுதி, படம் போட்டு, அறுத்து ஒட்டிச் செய்து, வேலை செய்கிறதா என்று பார்த்து, செய்யாவிட்டால் ஏன் என்று கண்டுபிடிக்க வேண்டுமாம். அதை நாங்கள் சொல்லிக்கொடுக்க வேண்டுமாம். முதல் நாள் ரம்பத்தைக் கையில் கொடுத்தபோது எனக்கு உள்ளங்கை நனைந்து பிடி வழுக்கியது. பயிற்சிக்குப் போகிற பள்ளி வகுப்பில் முப்பத்தொரு பிள்ளைகள், அறுபத்திரண்டு கை, எந்தக் கை எந்த ரம்பத்தில் என்று கனவிலும் எண்ணிக்கொண்டிருந்தேன்.

எங்களுக்கு இந்தப் பாடம் எடுக்கிற விரிவுரையாளரை நாங்கள் பட்டறையம்மா என்போம், சட்டைப்பையில் எப்போதும் நாலு பென்சில், பேசும்போது ஒன்றை எடுத்து நம் மூக்குக்கு நேரே நீட்டுவார். அவர் வகுப்பில் ஒரு வழக்கம் உண்டு. இரண்டு இரண்டு பேராக நிற்க வேண்டும், ஒருவர் செய்ய வேண்டும், மற்றவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு கேள்வி மட்டும் கேட்க வேண்டும். தொடக்கூடாது, காட்டக்கூடாது, கண்ணால் ஜாடை கூடக் கூடாது. எனக்கு ஜோடி மீசை. அப்படி நாங்கள் கூப்பிடுகிற ஒரு பையன், இருபத்திமூன்று வயது, மீசையைத் தவிர வேறெதிலும் கவனம் கிடையாது. அவன் அட்டையைக் கோணலாக வெட்டுவான், நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்கவேண்டும், என் உதடு கிழிந்துவிடும் போலக் கடித்துக்கொள்வேன், கடைசியில் ஒரு கணம் கை தானே முன்னால் வந்து கத்திரிக்கோலைப் பிடுங்கிவிடும். முதல் முறை பள்ளிக்குப் பயிற்சிக்குப் போனபோதும் இதைத்தான் செய்தேன். பட்டறையம்மா கடைசி பெஞ்சில் உட்கார்ந்து எண்ணியிருக்கிறார், நாற்பது நிமிஷத்தில் பதினாலு தடவை பிள்ளைகள் கையிலிருந்து பொருளை வாங்கினேனாம். "உங்க கை சும்மா இருக்கமாட்டேங்குது. நீங்க செஞ்சு குடுத்தா அது உங்க பொருள், அந்தப் பிள்ளைக்கு என்ன மிஞ்சும்?" என்றார். தேறவில்லை என்று எழுதிவிட்டார். இதை உன்னிடம் மறைத்தேன், அப்போது நீ புது வார்டுக்கு மாறிய சமயம். இன்னும் ஒரு தடவைதான் வாய்ப்பு. இதிலும் தேறாவிட்டால் படிப்பே முடிந்தது, வீட்டுக்குப் போ என்று அனுப்பிவிடுவார்கள். அந்த ஒரு தடவை இப்போதுதான் நடந்துகொண்டிருக்கிறது, வருகிற செவ்வாய்க்கிழமை பட்டறையம்மா வந்து உட்காரப்போகிறார்.

பாடம் வண்டி. செருப்புப் பெட்டி மூடியை உடம்பாக வைத்து, அடியில் ஸ்ட்ரா ஒட்டி, அதற்குள் மூங்கில் குச்சியை அச்சாக விட்டு, இரண்டு பக்கமும் பாட்டில் மூடியைச் சக்கரமாகச் செருகவேண்டும். குச்சி ஸ்ட்ராவுக்குள் சுற்றினால் வண்டி ஓடும். பிள்ளைகள் என்ன செய்யும் என்று உனக்குத் தெரியாதா, பசையைக் கண்டால் விடுமா, ஸ்ட்ராவுக்கும் குச்சிக்கும் மூடிக்கும் மூக்குக்கும் சேர்த்து அப்பிவிட்டன. வியாழக்கிழமை மணி அடித்தபோது முப்பத்தொரு வண்டியில் பத்தொன்பது நகரவில்லை. ஓடாத வண்டிதான் உங்களுக்குப் பாடம், அதை வைத்துப் பேசுங்கள் என்று பட்டறையம்மா ஆயிரம் தடவை சொல்லியிருக்கிறார். கேட்டேனா? பிள்ளைகள் போனபின் கதவைச் சாத்திவிட்டுத் தனியாக உட்கார்ந்தேன். பத்தொன்பது பிணம் போல அலமாரியில் வரிசையாக நிற்கின்றன, செவ்வாய்க்கிழமை அந்த அம்மா பென்சிலை நீட்டுவது கண்ணுக்குள் வருகிறது. பிளேடை எடுத்தேன். பத்தொன்பதையும் பிரித்துப் பசையைச் சுரண்டி, புது ஸ்ட்ரா வைத்து, குச்சியைச் சீவிச் செருகி, மேஜையில் ஒவ்வொன்றாக ஓடவிட்டுப் பார்த்தேன். அப்பாடா என்று இருந்தது. பதிவேட்டில் அனைத்து வண்டிகளும் ஓடின என்று எழுதிக் கையெழுத்தும் போட்டேன்.

அந்தப் பத்தொன்பதில் ஒன்று ஜன்னலோரத்துப் பெண்ணுடையது. பேர் சொல்லிக் கூப்பிட்டாலும் வாய் திறக்காத பிள்ளை, தலையை மட்டும் ஆட்டும், அதுவும் ஆமாமா இல்லையா என்று புரியாது. அதன் வண்டியில் முன் சக்கரம் நன்றாகச் சுற்றியது, பின் அச்சு மட்டும் ஒட்டியிருந்தது. மற்ற பிள்ளைகளின் பசையெல்லாம் சளி மாதிரி வழிந்திருக்க, இதில் மட்டும் ஒரு கோடு இழுத்த மாதிரி அளவாக இருந்தது. அதைப் பார்த்தேன். பார்த்துவிட்டு, சமத்துப் பிள்ளை, அழகாகத் தப்புப் பண்ணியிருக்கிறது என்று மனசுக்குள் சிரித்துக்கொண்டு பிளேடைப் போட்டேன். யாருக்காக, எப்படி வேலை செய்யவேண்டும் என்று எழுதிய தாள் அந்த வண்டிக்கு அடியிலேயேதான் இருந்தது. முப்பத்தொரு தாளிலும் சரி போட்டிருந்தேன், ஒன்றையும் முழுசாகப் படிக்கவில்லை. வெள்ளிக்கிழமை எல்லா வண்டியும் ஓடியதும் வகுப்பே கூத்தாடியது. அந்தப் பெண் மட்டும் வண்டியைத் திருப்பி வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தது, அப்புறம் என்னைப் பார்த்தது. "உன்னுதும் ஓடுது பாத்தியா கண்ணு" என்று கன்னத்தைக் கிள்ளினேன். தலையை ஆட்டியது. யாருக்காகச் செய்தார்களோ அவர்களிடம் கொடுத்துப் பயன்படுத்திப் பார்த்துவிட்டுத் திங்கட்கிழமை கொண்டுவாருங்கள் என்று எல்லோரையும் அனுப்பிவிட்டேன்.

நேற்றுக் காலை அப்பாவின் மாத்திரைக்காக மருந்துக்கடைக்குப் போனேன். அங்கே அந்தப் பெண்ணும் அதன் அம்மாவும் நிற்கிறார்கள், கையில் தீக்காயத்துக்குப் போடுகிற களிம்பு. என்ன ஆச்சு என்று கேட்டேன், சும்மா கேட்பது போலத்தான் கேட்டேன். அதன் அப்பா பெயிண்டர், இரண்டு மாசத்துக்கு முன் சாரத்திலிருந்து விழுந்து இடுப்பெலும்பு முறிந்து கட்டிலோடு கிடக்கிறாராம், எனக்கு அதுகூடத் தெரியாது. ஜன்னல் விளிம்பிலிருந்து கட்டில் சட்டம் வரை ஒரு பலகை போட்டிருக்கிறார்களாம், அது அவர் பக்கம் கொஞ்சம் சரிந்திருக்கும். ஜன்னல் முனையில் டம்ளர் வைத்தால் அவருக்கு எட்டாது. அதற்குத்தான் இது வண்டி செய்தது, கயிற்றைப் பிடித்து இழுத்தால் டம்ளரோடு மெதுவாக வரவேண்டும் என்று. வெள்ளிக்கிழமை சாயங்காலம் கொதிக்கக் கொதிக்கத் தேநீரை அதில் வைத்ததும், அவர் கயிற்றைத் தொடும் முன்னாலேயே வண்டி சர்ரென்று இறங்கி வயிற்றின் மேல் கவிழ்ந்துவிட்டதாம். "டீச்சர், இவதான் சரியா ஒட்டாம கொண்டாந்துட்டா. ஆசையா செஞ்சான்னு அவரும் ஒண்ணும் சொல்லல, நாந்தான் ஆத்திரத்துல ரெண்டு போட்டுட்டேன்" என்று அந்த அம்மா சொன்னாள். பிள்ளை தரையைப் பார்த்துக்கொண்டு, அதன் குரலை அப்போதுதான் முதன்முதலாகக் கேட்கிறேன், "நான்தான் சரியா ஒட்டல" என்றது.

வாயைத் திறந்தேன், பார்த்துக்கோங்க என்று மட்டும் வந்தது. பார்த்துக்கோங்க! அதைச் சொல்லிவிட்டு மாத்திரை கூட வாங்காமல் வீட்டுக்கு வந்து நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். உன்னிடம் மறைப்பானேன், அடுத்த ஒரு மணி நேரம் நான் அந்த மனுஷரின் வயிற்றை நினைக்கவில்லை, அந்தப் பிள்ளை வாங்கிய அடியை நினைக்கவில்லை, செவ்வாய்க்கிழமையைத்தான் நினைத்தேன். யாருக்குத் தெரியும் என்று நினைத்தேன். மீசைக்குப் போன் போட்டேன், அவனும் அதையேதான் சொன்னான். "விடுங்கக்கா, அந்தப் பொண்ணே தன் தப்புன்னு சொல்லுது. வண்டிய யாரு பிரிச்சுப் பாக்கப்போறா? வாயத் தொறந்தீங்க, மூட்ட கட்டவேண்டியதுதான்" என்றான். அவன் கெட்டவன் இல்லை, என் மேல் பிரியத்தில் சொன்னான். நான் நினைத்ததை இன்னொரு வாயிலிருந்து கேட்டபோதுதான் குமட்டியது.

அப்பாவிடம் சொன்னேன். மனுஷர் வாயில் என்றைக்கு முத்து உதிர்ந்திருக்கிறது, கடைசி வரை கேட்டுவிட்டு, "நான் பிரேக்க கழட்டி வச்சுட்டு, டிரைவர் மேல பழியப் போட்டா நீ என்னய வீட்டுக்குள்ள விடுவியா?" என்றார். கோபம் பொத்துக்கொண்டு வந்தது, உங்களுக்கென்ன, வீட்டுக்கு அனுப்பப்போவது என்னைத்தானே என்று கத்தினேன். ஆமாம் என்றார், எப்போது போகலாம் என்றும் கேட்டார். இரவெல்லாம் தூக்கமில்லை. இன்று காலை பதினோரு மணிக்கு இரண்டு பேரும் அந்தப் பெண்ணின் வீட்டுக்குப் போனோம், அவர் முழங்காலை வைத்துக்கொண்டு மூன்று மாடி ஏற முடியாது என்று தெருமுனையிலேயே நின்றுகொண்டார், அது முழங்கால் இல்லை, நான் தனியாகப் போகவேண்டும் என்று அவருக்குத் தெரியும்.

ஒரே அறை. சுவரோரம் காலி பெயிண்ட் டப்பாக்கள், கொடியில் இஸ்திரிக்கு வந்த ஊரார் துணி, அந்த அம்மாவுக்கு அதுதான் தொழில். பிள்ளையின் அப்பா கட்டிலில் சட்டையைத் திறந்து போட்டுப் படுத்திருந்தார். தொப்புளுக்கு மேலே என் கையகலம் சிவந்து, நடுவில் கொப்புளம் எழும்பி, ஓரத்தில் தோல் உரிந்திருக்கிறது. நீ தினமும் பார்க்கிற சமாசாரம், நான் பார்த்ததில்லை. உட்காருங்க டீச்சர் என்றார்கள், உட்காரவில்லை, உட்கார்ந்தால் வார்த்தை வராது. பின் சக்கரத்தை நான்தான் பிரித்தேன் என்று சொன்னேன். வியாழக்கிழமை, பிள்ளைகள் போனபின், பிளேடால் என்று எல்லாவற்றையும் சொன்னேன். பதிவேட்டோடு வீட்டுக்கு எடுத்துவந்திருந்த தாள்கட்டிலிருந்து உருவிக் கொண்டுபோயிருந்த அதன் தாளை அப்போதுதான் விரித்துப் படித்தேன், பென்சிலில் பெரிய எழுத்தில் இருந்தது: அப்பா இழுத்தா வரணும், விட்டா ஓடக்கூடாது, அதுக்குப் பின்சக்கரத்துக்குப் பசை. எட்டு வயதடா அதற்கு. நான் ஒரு வருஷமாகப் படித்துக்கொண்டிருக்கிற பாடத்தை அது மூன்று வரியில் முடித்து வைத்திருக்கிறது, நான் அதன் மேல் சரி போட்டுவிட்டுச் சுரண்டி எறிந்திருக்கிறேன்.

அந்த அம்மா இஸ்திரிப்பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு என்னையே பார்த்தாள். "எம்புள்ளய நான் அடிச்சேனே டீச்சர். நேத்து கடையில என் மூஞ்சியப் பாத்துக்கிட்டுத்தானே நின்னீங்க?" என்றாள். நாளைக்குப் பள்ளிக்கூடத்துக்கு வந்து பெரிய டீச்சரிடம் பேசுகிறேன் என்றாள். வாருங்கள், நானும் சொல்லத்தான் போகிறேன் என்றேன். அவர் மட்டும் கண்ணை மூடிக்கொண்டு, விடு விடு என்று கையை அசைத்தார், யாரிடம் சொன்னார் என்று தெரியவில்லை. பிள்ளை கதவோரம் நின்றிருந்தது. அழும் என்று நினைத்தேன், என்னைத் திட்டினாலும் வாங்கிக்கொள்ள வேண்டும் என்று நினைத்தேன். பக்கத்தில் வந்து, அந்தத் தாளைத் தொட்டுக்கொண்டு, "அப்ப நான் ஒட்டுனது சரிதானா டீச்சர்?" என்று கேட்டது. சரிதான் கண்ணு, ரொம்பச் சரி என்றேன். அதற்கு வேறு ஒன்றும் வேண்டியிருக்கவில்லை. உடனே கட்டிலுக்கு அடியில் குனிந்து வண்டியை எடுத்து, எனக்கு எட்டாத தூரத்தில் உட்கார்ந்து, பின் அச்சுக்கு மறுபடி பசை தடவ ஆரம்பித்தது. நான் கிளம்பியபோது கூடத் தலை நிமிரவில்லை.

இப்போது மணி ஐந்து. பதிவேட்டில் அந்த வரியை அடித்துவிட்டு நடந்ததை எழுதி வைத்திருக்கிறேன், நாளைக்குத் தலைமையாசிரியை, செவ்வாய்க்கிழமை பட்டறையம்மா. பயமாக இருக்கிறது மகனே. நல்லது செய்தால் மனசு லேசாகும் என்பார்கள், எனக்கு ஒரு லேசும் இல்லை. வீட்டுக்கு அனுப்பிவிட்டால் கடையில் என் இடத்துக்கு வேறு ஆள் வந்தாயிற்று, அதுகூடப் பரவாயில்லை. அந்தக் காயம் சீழ் வைத்துவிட்டால் என்ன செய்வேன்? கொப்புளத்தை உடைக்கலாமா கூடாதா, துணி சுற்றலாமா, எத்தனை நாளில் ஆறும், எதைக் கண்டால் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடவேண்டும், இதை மட்டும் காத்திருக்காமல் இன்றைக்கே போனில் அப்பாவிடம் சொல்லிவிடு என்று உனக்கு ஒரு வரி தட்டிவிடுகிறேன், மீதியைக் கடிதத்தில் தெரிந்துகொள்.

இன்னொரு பயமும் இருக்கிறது, அதை எழுதாமல் மூடினால் இந்தக் கடிதமே பொய். அந்த வீட்டுப் படியில் இறங்கும்போது திடீரென்று ஞாபகம் வந்தது. நீ நர்சிங் படிப்புக்கு விண்ணப்பம் போட்டபோது, ஏன் இந்த வேலைக்கு வர விரும்புகிறாய் என்று ஒரு பக்கம் எழுதச் சொல்லியிருந்தார்கள். நீ நாலு வரி எழுதி வைத்திருந்தாய். நான் பார்த்துவிட்டு, இதென்னடா நாலே நாலு வரி என்று கிழித்துப் போட்டு, கடையில் நகலெடுக்க வருகிறவர்களின் தாளில் பார்த்த பெரிய பெரிய வார்த்தையெல்லாம் போட்டு ஒரு பக்கம் நிரப்பி உன்னை எழுதச் சொன்னேன். நீ தலையை ஆட்டிவிட்டு அப்படியே எழுதினாய், இடமும் கிடைத்தது, அம்மாவால்தான் கிடைத்தது என்று ஊரெல்லாம் சொன்னேன். அந்த நாலு வரியை நான் படிக்கவில்லை. எண்ணினேன், அவ்வளவுதான். அப்புறம் என்னென்னவற்றை இப்படிப் பிரித்து ஒட்டினேனோ, எதற்கெல்லாம் நீ உன் தப்பு என்று நினைத்துக்கொண்டாயோ, நீ இவ்வளவு தூரம் போனதற்கும் அதற்கும் ஏதாவது உண்டா என்று கேட்க எனக்குத் தைரியம் இல்லை, ஆனாலும் கேட்டுவிட்டேன்.

உடம்பைப் பார்த்துக்கொள். தொடர்ந்து இரண்டு ஷிப்ட் பார்க்காதே, காலுக்கு மெத்தென்ற செருப்பு வாங்கச் சொன்னேனே, வாங்கினாயா? உனக்கு ஒரு குறையும் வராமல், கை வைத்த நோயாளியெல்லாம் எழுந்து நடக்க வேண்டும் என்று அப்பாவும் நானும் மனசார வாழ்த்துகிறோம். பதில் போடும்போது மறக்காமல் அந்த நாலு வரியை எழுது. ஞாபகம் இருக்கிற அளவுக்கு, நீ எழுதியபடியே எழுது, நான் ஒரு எழுத்தையும் தொடமாட்டேன்.

இப்படிக்கு,
கையைப் பின்னால் கட்டிக்கொண்டு காத்திருக்கும்
உன் அம்மா